தகரக் கோஷ்டியின் கடைசிப் பாட்டு

நேற்று மதியம், மரவள்ளிக் காட்டில் மண்வெட்டி பட்டுக் காலைக் கிழித்துக்கொண்ட ஒருவர் என் மருந்துக்கடைக்கு வந்தார். காயத்தைத் துடைக்க ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தேன். அந்த வாசனைக்கு மற்றவர்களுக்கு ஊசியும் ஆஸ்பத்திரியும் நினைவுக்கு வரும். எனக்கு உன் ரெக்கார்டிங் கடைதான் வந்து நிற்கிறது. தீக்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, நான் கொண்டுவந்து கொடுத்த ஸ்பிரிட்டில் நனைத்து, டேப் ரெக்கார்டரில் நாடா உரசிப்போகும் ஹெட்டைத் துடைப்பாய். பஞ்சு பழுப்பாகிவிடும். அதை என் மூக்குக்கு நேரே நீட்டி, "பாத்தீங்களா டாக்டரே, இந்த வருசத்துச் சினிமாப் பாட்டு பூராவும் இதுல இருக்குதுங்க" என்பாய். மலைமேல் மாத்திரை விற்கிறவனை டாக்டர் ஆக்கியது நீ ஒருவன்தான். கேலி என்று தெரிந்தும் நான் ஒரு நாளும் மறுக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு இறங்கி வந்தால், பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் வந்து உட்கார்ந்திருந்தான். "மாமா, உங்க தகரக் கோஷ்டி புதுசா ஒண்ணு போட்டிருக்காங்க" என்று ஒரு சி.டி. தட்டை எடுத்துக் கொடுத்தான். அந்த அயல்நாட்டுக் குழுவுக்கு நீ வைத்த பெயர் என் வீட்டில் குழந்தைகள் வாய்வரைக்கும் போய்விட்டது. அவர்களுடைய சொந்தப் பெயரை உன்னால் சரியாகச் சொல்லவும் முடியவில்லை, சொல்லவேண்டும் என்று உனக்குத் தோன்றவும் இல்லை. "தகரத்தத் தட்டறாங்க, தகரக் கோஷ்டி. அவ்வளவுதானுங்க."

புதுத் தொகுப்பு எதைக் கேட்டாலும் முதல் தடவை தோன்றியதை அப்படியே உன்னிடம் ஒப்பிக்கவேண்டும் என்பது நீ போட்ட சட்டம். "ரெண்டாவது தடவ கேட்டீங்கன்னா மூள உள்ள பூந்துக்கும். மொதக்கா தோணுனத மட்டும் சொல்லோணும்." நீ போய்ச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. சட்டத்தை யாரும் நீக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் பாட்டு தொடங்கியதா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. மின்விசிறியில் துணி மாட்டிக்கொண்டது போல ஒரு சத்தம் வந்தது. அது எதற்கோ முன்னுரை என்று காத்திருந்தேன். அதுவே பாட்டாம், முடிந்தும் போயிற்று. இரண்டாவதில் கிடார் இருந்தது, ஆனால் கிடாரை வாசிக்கவில்லை, இழுத்துக்கொண்டு நடந்தார்கள். மூன்றாவதில் ஒருவன் பாடினான். நன்றாகவே பாடினான். அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இந்தக் கூட்டம் நன்றாகப் பாடுகிறது என்றால் ஏதோ மறைக்கிறது என்று பொருள். நான் மாத்திரை அட்டையையே இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் கொடுக்கிறவன் என்பது உனக்குத் தெரியும். தட்டு முடியும்வரை நான் பாட்டைக் கேட்கவில்லை. மழைக்கும் பஸ்ஸுக்கும் காத்திருந்தேன்.

இரண்டும் வரவில்லை.

"என்னடா, மழை எங்கே?" என்றேன். தங்கை மகன் ஜன்னல் பக்கம் பார்த்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்குப் பழைய கதை தெரியாது.

பழைய கதை உனக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்தை நீ முழுதாகக் கேட்டதில்லை. நீ போவதற்கு முந்தைய வருடத்து மழைக்காலம் முழுவதும் நான் உன்மேல் சந்தேகத்தோடுதான் இருந்தேன். காளப்பநாயக்கன்பட்டியில் உன் கடைக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை. அந்த நாளில் வீட்டில் குப்புறப் படுத்துத் தூங்குகிறவன், திடீரென்று மலைக்குப் பஸ் ஏற ஆரம்பித்தாய். கையில் ஒரு பெரிய மஞ்சள் பை, பைக்கு மேல் துண்டு. கேட்டால் கோயிலுக்கு என்றாய். சாமிக்கு முன்னால் நின்றால்கூடக் கையைச் சட்டைப்பையில் வைத்திருக்கிற ஆள் நீ.

பஸ் கண்டக்டர் என்னிடம் மெதுவாக வந்து சொன்னார்: "உங்க சேக்காளி கோயிலுக்கெல்லாம் வரலீங்க. பாதி மலையில, ஊரே இல்லாத வளைவுல எறங்கிக்கறாரு. தகரக் கொட்டாய் ஒண்ணு இருக்குதுங்களே, பஸ்ஸுக்கு நிக்கறது, அங்க. சாயங்காலம் நாங்க எறங்கறப்ப அதே எடத்துல கை காட்டறாரு." இதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் அப்படியே வாங்கிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் உன் மனைவியே என்னை வழியில் நிறுத்திக் கேட்டார்: "ஏனுங்கண்ணா, மலையில அவருக்கு என்ன வேல? துண்டு போட்டு மூடித் தூக்கீட்டுப் போறாரு. நான் தொட்டா, தொடாதங்கறாரு." பைக்குள் சேலை இருக்கும் என்று அவர் நினைத்தார். நானும் சேலைதான் என்று முடிவு கட்டியிருந்தேன். ஆனால் அவரிடம், "வேண்டுதல் ஏதாச்சும் இருக்கும்மா" என்று சொல்லிவைத்தேன்.

அன்றைக்கே உன் கடைக்கு வந்து நேரடியாகக் கேட்டேன். "மாப்ள, மேல யாரு இருக்கா?"

நீ கேசட்டுக்குள் பென்சிலை விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்கவில்லை.

"மேல மழ இருக்குதுங்க டாக்டரே. கீழ எங்க பேயுது?"

இதைவிட மழுப்பலான பதிலை நான் கேட்டதே இல்லை என்று நினைத்தேன். கோபமாகக்கூட இருந்தது. உன் வீட்டில் அமைதி இருக்கவேண்டும் என்ற கவலையும் எனக்கு உண்டு. உன் வீட்டில் சோறு தின்றவன் நான். ஒரு வாரம் உன் கடைப்பக்கம் வராமல் இருந்தேன். ஸ்பிரிட்டும் வரவில்லை. ஹெட்டில் அழுக்கு ஏறி, கல்யாண வீட்டுக்குக் கொடுத்த கேசட் எல்லாம் கம்பளிக்குள் பாடியது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அப்புறம் நீயே ஆள் அனுப்பினாய். தகரக் கோஷ்டியின் புதுத் தொகுப்பு வந்திருக்கிறது, கேசட் போட்டுவைத்திருக்கிறேன் என்று. இன்ஜினியரிங் கல்லூரி விடுதிப் பையன்கள் காப்பி எடுக்கக் கொடுத்துவிட்டுப் போகும் தட்டுகளில் இருந்து, உனக்கும் எனக்கும் என்று நீ தனியாக ஒன்று எடுத்துக்கொள்வது வழக்கம். நம் பக்கத்தில் அந்தக் கோஷ்டியைக் கேட்டவர்கள் அந்தப் பையன்களை விட்டால் நாம் இரண்டு பேர்தான் இருந்திருப்போம்.

உன் கடையின் இன்னொரு சட்டத்தையும் இங்கே சொல்லவேண்டும். கேசட்டில் மிச்சம் விடக்கூடாது. பாட்டு முடிந்தும் டேப் காலியாக ஓடினால், ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்கு வருவார்கள் நம் ஊர்க்காரர்கள். அதனால் மிச்சம் இருக்கிற இடத்தில் ஒரு அரைச் சினிமாப் பாட்டோ முருகன் பாட்டோ போட்டு நிரப்புவாய். சோக கீதங்கள் கேட்டு வாங்கிப்போனவருக்குக் கடைசியில் குத்துப் பாட்டு வரும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கடைக்காரன் கொசுறு போட்டிருக்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். பாட்டுக்கும் கொசுறுக்கும் நடுவில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்கும், அதுதான் அடையாளம்.

அந்தக் கேசட்டை மறுநாள் காலை மலை பஸ்ஸில், காதில் வாக்மேன் மாட்டிக்கொண்டு கேட்டேன். முதல் பக்கம் முழுக்க இரும்புக் கடை. இரண்டாவது பக்கத்தில் கொஞ்சம் இரக்கம் காட்டினார்கள். கடைசிப் பாட்டில், தகரத்தை ஆணியால் கீறுவது போல ஒரு சத்தம் நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. பல் கூசியது. நிறுத்திவிடலாம் என்று பொத்தானில் விரலை வைத்தபோது, கீறல் தேய்ந்து, சிறுசிறு துளியாகி, மழையானது. தகரக் கூரைமேல் விழும் மழை. எந்த இடத்தில் தகரம் முடிந்து மழை தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தேன். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது.

"கைய உள்ள இழுங்க, வளைவு வருது!" என்று கண்டக்டர் கத்தினார்.

அப்புறம் ஹாரன் அடித்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம். நம் மலை பஸ் வளைவுக்கு முன்னால் அடிக்கிற அதே ஹாரன். காதிலிருந்து வாக்மேனைப் பிடுங்கிவிட்டு டிரைவரைப் பார்த்தேன். அவர் ஹாரன் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை, வெற்றிலையை மென்றபடி ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். திரும்ப மாட்டினேன். கேசட்டுக்குள் பஸ் வந்தது, கடந்தது, மேலே ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் சிறுத்துக்கொண்டே போனது. எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அதன்பிறகு யாரோ அந்த ஹாரனைப் பிடித்து மெதுவாக இழுத்தார்கள். அது தடித்து, கனத்து, நாதஸ்வரத்தின் அடிக்குரலாக மாறி, மழைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. மழை மட்டும் மிச்சம். அதுவும் டேப் தீர்ந்து வாக்மேன் தானாக நின்றபோதுதான் நின்றது.

நான் இறங்கவேண்டிய அரியூர் நாட்டு நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருந்தேன். திரும்பி நடந்து வந்தேன். நடந்த வழியெல்லாம் என் புத்தி என்ன வேலை செய்தது தெரியுமா? இவர்கள் நம் மலைக்கு வந்து திருடிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று முடிவு கட்டியது.

அன்று பகல் இறங்கிப் போன பஸ்ஸை நிறுத்தி, கண்டக்டரைப் பிடித்து விசாரித்தேன். வெள்ளைக்காரர்கள் யாராவது டேப் ரெக்கார்டரோடு வந்தார்களா?

"ரெண்டு பேரு வந்தாங்க சாமி, அருவி பாக்கோணும்னு. மேல போற வரைக்கும் பாலித்தீன் பைக்குள்ள தலைய உட்டுட்டே வந்தாங்க. அவங்க எங்கீங்க ரெக்கார்டு பண்றது?"

வாந்தி எடுப்பது போல நடித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. சந்தேகம் பிடித்தவனுக்கு எதுவும் சாட்சிதான்.

சாயங்காலம் உன் கடையில் சட்டப்படி ஒப்பித்தேன். முதல் பக்கம் இரும்புக் கடை என்றேன். தலையாட்டினாய். பாட்டுக்காரனுக்குச் சளி பிடித்திருக்கிறது என்றேன். சிரித்தாய். "ஆனா கடைசிப் பாட்டு இருக்குதே மாப்ள, அத அவனுக செஞ்சிருக்க முடியாது. அது திருட்டுச் சரக்கு. நம்ம மலைய எடுத்துப் போட்டிருக்கானுக. ஆனா எடுத்துப் போட்டவன் எவனோ, கைகாரன். இத்தன வருசம் அந்த பஸ்ஸுல போறேன், அந்த ஹாரன் அழுவும்னு எனக்குத் தெரியாது. கேசட்லயே உருப்படியானது அதுதான்."

நீ கையிலிருந்த கேசட்டைக் கீழே வைத்தாய். பிறகு, "மறுக்கா சொல்லுங்க" என்றாய்.

சொன்னேன்.

"அந்த ஹாரன் எடம்? அத மட்டும் இன்னொருக்கா."

உனக்குக் காதில் ஏதோ கோளாறு, நாள் முழுக்கச் சத்தத்தில் இருக்கிறவன், சொட்டு மருந்து எடுத்து வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டே அதையும் சொன்னேன். "குறைன்னு எதும் இல்லீங்களா?" என்று கேட்டாய். கேட்டுவிட்டாயே என்று ஒரு குறை தேடினேன். "மழ கொஞ்சம் அதிகம். கொறச்சிருக்கலாம்" என்றேன்.

"அவங்கள எங்கியாச்சும் பாத்தா சொல்லீர்றனுங்க" என்றாய்.

அது கொசுறு இல்லை என்று நான் எப்படி முடிவு கட்டினேன்? டொக் சத்தம் கேட்கவில்லை, அதனால்தான். நான் அதைத் தேடினேன் என்பதுதான் வேடிக்கை. ஓட்டி ஓட்டித் தேடிப் பார்த்துவிட்டு, டொக் இல்லை, ஆகவே கொசுறு இல்லை, ஆகவே வெள்ளைக்காரன் திருடன் என்று தீர்ப்பு எழுதினேன். பதிவை இடையில் நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனை நீ விரல் நுனியால் மூச்சு விடுகிற மாதிரி விடுவாய் என்பதைக் கண்ணால் பார்த்தும், கணக்கில் சேர்க்கவில்லை.

அதற்கு அடுத்த வருடம் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. நான் கொடுத்த மருந்தும் கேட்கவில்லை, பெரிய ஆஸ்பத்திரி மருந்தும் கேட்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு இல்லை. மலையில் யார் என்ற கேள்வியையும் உன்னோடு சேர்த்தே மூடிவிட்டேன். போனவனைப் பற்றி என்ன கேள்வி என்று இருந்தேன். ஆனால் அது உள்ளே அரித்துக்கொண்டேதான் இருந்தது. எல்லாவற்றையும் சொல்கிறவன், இந்த ஒன்றை மட்டும் என்னிடம் ஏன் மறைத்தாய் என்று.

நேற்றுத் தங்கை மகன் அந்தப் பழைய தொகுப்பையும் தன் கம்ப்யூட்டரில் வைத்திருந்தான். மழை எதில் என்று காட்டுகிறேன் பார் என்று கடைசிப் பாட்டைப் போடச் சொன்னேன். தகரத்தைக் கீறினார்கள். கீறிக்கொண்டே இருந்தார்கள். நான் விரலைத் தூக்கி, "இப்போ பார்" என்றேன். சத்தம் நின்றது.

"ஓட்டுடா."

"முடிஞ்சிருச்சுங்க மாமா. அவ்வளவுதான்."

இன்னொரு முறை போடச் சொன்னேன். அதே இடத்தில் அதே மாதிரி நின்றது. கம்ப்யூட்டர்மேலும் சந்தேகப்பட்டுப் பார்த்தேன். பிறகு அலமாரியைத் திறந்து உன் கேசட்டை எடுத்தேன். மழை அவர்கள் தொகுப்பில் இல்லை, இதில்தான் இருக்கிறது. மேல மழ இருக்குதுங்க டாக்டரே. நீ என்னிடம் பொய்யே சொல்லவில்லை.

இன்று காலை கடையைத் திறக்காமல் உன் வீட்டுக்குப் போனேன். உன் கடை இருந்த இடத்தில் உன் மனைவி இப்போது தையல் மெஷின் போட்டிருக்கிறார். கேசட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை.

"அந்த மழைங்களா? உங்களுக்கு இன்னுமா தெரியாது? பைக்குள்ள டேப் ரெக்கார்டருங்கண்ணா. நனையாம இருக்கத் துண்டு. நான் சண்ட போட்டதுல ஒரு நா உக்கார வெச்சுப் போட்டுக் காட்டீட்டாரு. 'டாக்டருகிட்ட மட்டும் சொல்லிராத. நான் செஞ்சதுன்னு தெரிஞ்சா சிநேகிதத்துக்குச் சொல்லுவாரு. தெரியாம கேக்கட்டும், அவரு வாய்ல என்ன வருதோ அதுதான் நெசம்'னாரு."

பிறகு தைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க நல்லாருக்குதுன்னு சொன்ன அன்னிக்குக் கறி எடுத்துட்டு வந்தாரு. ஞாயித்துக்கிழமகூட இல்லீங்க. என்ன விசேசம்னு கேட்டேன். 'நம்ம சரக்கு ஓடீருச்சு'ன்னாரு."

நான் அங்கேயே அழுதேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

என்னைப் போல ஒரு சந்தேகப் பிராணியைத் தேர்ந்தெடுத்து உன் பாட்டைக் கேட்கவைத்தாயே, அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. முகத்துக்காக ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவன் என்றுதானே என்னிடம் கொடுத்தாய்? என் சந்தேகம் ஒரு வகையில் சரியாகத்தான் இருந்தது. அது தகரக் கோஷ்டி செய்ததில்லை என்று முதல் தடவையிலேயே சொல்லிவிட்டேன். ஆளை மட்டும் தப்பாகப் பிடித்தேன். கைகாரன் என் எதிரிலேயே உட்கார்ந்து, மறுக்கா சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

உன் பாட்டு உலகத்தில் இருப்பது இந்த ஒரு கேசட்டில்தான். தங்கை மகன் சாயங்காலம் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். ஹெட்டை ஸ்பிரிட்டில் நான்தான் துடைத்தேன், தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி. பாட்டு ஓடி முடிந்தது. அவன் திரையில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, மழைச் சத்தம் ரொம்ப இருக்குதுங்க. கொறச்சிடலாம், ஒரு நிமிசம் போதும். கொறைக்கட்டுங்களா?" என்று கேட்டான்.

வேண்டாம் என்றேன். அன்றைக்குக் கடையில் உன்னிடம் குறைக்கச் சொன்னேனே, அதையும் இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன் மாப்ள. சொல்ல ஒன்றும் கிடைக்காமல் சொன்னது அது. மழை அப்படியே இருக்கட்டும்.